வங்கம் தந்த தமிழ் மெட்டு



டாக்குரியாவில் நான் குடியிருக்கும் வீட்டு மாடியில் ஒரு மாலை, ஊர் நினைவு மேலிட, ‘அழியாத கோலங்கள்’ படப்பாடல் ஒன்றை முணுமுணுத்துக் கொண்டிருந்தேன். அங்கே வந்த வீட்டுக்காரப் பெரியவர், மீதி மெட்டைத் தாமே வங்கச் சொற்களில் பாடி முடித்தார். “இது எங்கள் சலில் சௌத்ரியின் மெட்டு, தம்பி” என்றார்.

நாணிப் போனேன். ஆய்வுக்கூடத்தில் எப்பொருளைக் கண்டாலும் அது எவற்றால் ஆனது என்று கேட்பவன் நான். தாயார் பாடக் கேட்டு வளர்ந்த பாட்டைப் பற்றி மட்டும் ஒருநாளும் கேட்டதில்லை!

யார் இந்தச் சலில் சௌத்ரி? தந்தையார் அசாம் தேயிலைத் தோட்டத்து மருத்துவர். தோட்டத் தொழிலாளரின் பாட்டும் தந்தையாரின் மேனாட்டு இசைத்தட்டுகளும் சிறுவரின் செவியில் ஒருங்கே விழுந்தன. பின்னர் கல்கத்தாவுக்குத் தெற்கே கோதாலியாவில் தாய்மாமன் வீட்டில் தங்கிப் படித்தார். அவ்வூருக்குச் செல்லும் இரயில் இன்றும் நம் டாக்குரியா வழியாகவே போகிறது.

1943ஆம் ஆண்டின் பெரும்பஞ்சம் அவரை உலுக்கியது. மக்கள் நாடக இயக்கத்தில் சேர்ந்து உழவருக்காகப் பாட்டுக் கட்டினார். நிலம் மீட்கக் கல்கத்தா வந்து ரிக்ஷா இழுக்கும் உழவனின் கதையான ‘தோ பீகா ஜமீன்’ (1953) படத்துக்குக் கதையும் இசையும் அவருடையவையே. ‘மதுமதி’ (1958) புகழைத் தந்தது. 1961இல் ‘சாயா’ படத்தில் மொசார்ட்டின் சிம்பொனி ஒன்றை இந்திப் பாட்டாக்கினார். 1965இல் ‘செம்மீன்’ மூலம் மலையாளத்துக்கு வந்தார். 1979இல் ‘அழியாத கோலங்கள்’. 1995இல் மறைந்தார்.

அத்தமிழ்ப் படத்தைச் சற்றே பகுத்துப் பாருங்கள். இயக்கிய பாலு மகேந்திரா மட்டக்களப்பில் பிறந்தவர். இசை வங்காளியுடையது. பாடியோரில் எஸ். பி. பாலசுப்பிரமணியமும் சுசீலாவும் தெலுங்கைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள்; ஜெயச்சந்திரன் மலையாளி. எனினும் அது தமிழ்ப் பாட்டன்றோ!

தென்னாப்பிரிக்காவின் மிரியம் மக்கேபா வேறொரு வழி சென்றார். 1960இல் தாயகம் திரும்ப அவருக்குத் தடை விழுந்தது. 1990 வரை அயல்நாடுகளில் வாழ்ந்தபடியே தம் தாய்மொழிப் பாட்டை உலகெங்கும் ஒலிக்கச் செய்தார். மக்கேபா தம் மொழியைப் பிறரிடம் கொண்டு சென்றார். சலில் பிறர் மொழிக்குள் தாமே சென்றார்.

தோழர்களே, இங்கே நாம் முதல் வழியை மட்டுமே அறிவோம். பொங்கலிடுகிறோம், பாரதி விழா எடுக்கிறோம், நன்று. ஆனால் இரண்டாண்டுகளாக இங்கிருந்தும் நான் கற்ற வங்கமொழி, மீன்கடையில் விலை கேட்கும் ‘கொத்தோ’ ஒன்றுதான். சலில் நம் மொழிக்கு வந்தார். அவர் தெருவில் வாழும் நாம் அவர் மொழிக்குச் செல்ல வேண்டாமா?

இப்போது நாள்தோறும் மாலையில் அரைமணி நேரம், பெரியவரிடம் வங்க எழுத்துப் படிக்கிறேன். பாயில் இன்னும் இடமிருக்கிறது. வருக!