குழந்தைகளின் வயிற்றுப்போக்கும் நமது கடமையும்

கோடை முற்றும்போதும், முதல் மழையின் புது வெள்ளம் குடிநீரில் கலக்கும்போதும் குழந்தைகளுக்குப் பேதி காண்பதை நாம் ஆண்டுதோறும் பார்த்து வருகிறோம். இரண்டு நாளில் தானே நின்றுவிடும் என்று பெரியவர்கள் எண்ணுவதுண்டு. ஆனால் உலக சுகாதார ஸ்தாபனத்தின் கணக்குப்படி, ஐந்து வயது நிறையாத குழந்தைகளில் ஏறத்தாழ 4 லட்சத்து 40 ஆயிரம் பேர் ஆண்டுதோறும் இந்நோயால் உலகெங்கும் மாண்டு போகின்றனர். இந்நோய்க்கு உரிய மருந்தோ விலை மலிந்தது. வீட்டிலேயே கொடுக்கத் தக்கது. கண்டறியப்பட்டு அரை நூற்றாண்டுக்கு மேலாகிறது. மருந்து இருந்தும் குழந்தை இறப்பது ஏன்? மருந்துக்கும் குழந்தையின் வாய்க்கும் இடையே எங்கோ ஒரு தடை இருக்கிறது. அத்தடை யாது, அதை நீக்குவதில் பஞ்சாயத்தின் பங்கு என்ன என்பவற்றை இங்கே ஆராய்வோம்.

உயிரைப் பறிப்பது எது?

பேதியால் குழந்தையின் உடலிலுள்ள நீரும் உப்பும் வெளியேறிவிடுகின்றன. பெரும்பாலும் உயிரைப் பறிப்பது இந்த வறட்சியே. கண்கள் குழி விழும், நாக்கு உலரும், சிறுநீர் குறையும், வயிற்றுத் தோலைக் கிள்ளி விட்டால் உடனே சமமாகாமல் மெதுவாகத் தணியும்.

இழந்த நீரைத் திரும்பக் கொடுப்பதே சிகிச்சை. எனினும் வெறும் தண்ணீர் மட்டும் போதாது. நமது குடலின் உட்சுவரை ஒரு மடைக்கு ஒப்பிடலாம். உப்பும் சர்க்கரையும் தக்க அளவில் சேர்ந்து வரும்போது அம்மடை திறந்து அவற்றை உள்ளே விடுகிறது. அவற்றைப் பின்தொடர்ந்து நீரும் உடலுக்குள் செல்கிறது. கடுமையான பேதியிலும் இம்மடை வேலை செய்கிறது என்பதுதான் முக்கியம். ஆனால் சர்க்கரை அளவுக்கு மிஞ்சினால், உடலிலுள்ள நீரையே அது குடலுக்குள் இழுத்துப் பேதியை அதிகப்படுத்திவிடும். ஆகையால் அளவே இம்மருந்தின் உயிர்.

அகதி முகாமில் கண்ட உண்மை

1968-இல் டாக்காவிலிருந்த காலரா ஆராய்ச்சி நிலையத்தில் இம்முறை நோயாளிகளிடம் சோதிக்கப்பட்டது. 1971-இல் வங்கதேசப் போரின்போது லட்சக்கணக்கான அகதிகள் மேற்கு வங்காளத்துக்கு வந்தனர். எல்லையோரத்திலுள்ள பன்கான் என்னும் ஊரில் காலரா பரவிற்று. நரம்பு வழியே ஏற்றும் நீர் தீர்ந்து போகும் நிலையில், டாக்டர் திலீப் மகலனாபிஸ் உப்பு, சோடா உப்பு, குளுகோஸ் ஆகியவற்றைத் தண்ணீரில் கரைத்துப் பீப்பாய்களில் வைத்தார். நோயாளிகளின் உறவினர்களே அதை மொண்டு புகட்டினர். அதற்கு முன் நூற்றுக்கு முப்பது பேர் வரை இறந்து வந்த இடத்தில், இறப்பு நூற்றுக்கு நான்குக்கும் கீழே இறங்கிற்று. மருத்துவம் அறியாதவர்களும் இச்சிகிச்சையை அளிக்க முடியும் என்பதை உலகம் அப்போது கண்டுகொண்டது. திலீப் மகலனாபிஸ் 2022-இல் காலமானார். 2023-இல் நமது அரசு அவருக்குப் பத்மவிபூஷண் விருதை வழங்கிச் சிறப்பித்தது.

வீடு வீடாகச் சென்ற பாடம்

முகாமில் வென்ற முறை கிராம வீடுகளுக்குள் எவ்வாறு சென்றது என்பதற்கு வங்கதேசமே சான்று. அங்கே பிராக் என்னும் தொண்டு ஸ்தாபனம் 1980 முதல் 1990 வரை 1 கோடியே 20 லட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகளுக்குப் பெண் ஊழியர்களை அனுப்பியது. மூன்று விரல்களால் எடுத்த ஒரு சிட்டிகை உப்பு, ஒரு பிடி வெல்லம், அரைச் சேர் தண்ணீர் என்று ஒவ்வொரு தாய்க்கும் செய்து காட்டினர். பின்னர் அவளைக் கொண்டே செய்ய வைத்தனர்.

ஊழியர் எத்தனை வீடுகளுக்குச் சென்றார் என்பதைக் கொண்டு மட்டும் ஊதியம் கணக்கிடப்படவில்லை. சில வாரங்களுக்குப் பின் வேறொருவர் சென்று தாய்மார்களைக் கேட்பார். அவர்கள் எவ்வளவு நினைவில் வைத்திருக்கிறார்களோ அதற்கேற்ப ஊதியம் அமைந்தது.

அப்படியும் தொடக்கத்தில் ஒரு குறை தென்பட்டது. தாய்மார்கள் கரைசல் செய்யக் கற்றிருந்தனர். ஆனால் பேதி கண்டபோது பலர் அதைக் கொடுக்கவில்லை. காரணத்தை ஆராய்ந்தபோது, கற்பித்த ஊழியர்களிலேயே பலருக்கு அதில் முழு நம்பிக்கை இல்லை என்பதும், வீட்டு ஆண்களுக்கு ஒன்றும் சொல்லப்படவில்லை என்பதும் புலனாயின. அதன் பின் ஊழியர்களுக்குச் சிகிச்சையின் பலனை விளக்கிக் காட்டினர். கடைவீதியிலும் மசூதியிலும் ஆண்களைக் கூட்டிப் பேசினர். பழக்கம் வளர்ந்தது. அறிவு மட்டும் போதாது, குடும்பம் முழுவதும் நம்ப வேண்டும் என்பதே இதனால் நாம் பெறும் பாடம்.

நமது நாட்டின் நிலை

2019-21-இல் நடந்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, பேதி கண்ட குழந்தைகளில் பத்துக்கு ஆறு பேருக்கே இந்தியாவில் உப்புச் சர்க்கரைக் கரைசல் கிடைத்தது. துத்தநாக மாத்திரை கிடைத்தவர்கள் பத்துக்கு மூன்று பேரே.

பீகார், கர்நாடக மாநிலங்களில் தனியாக மருத்துவம் செய்யும் 2,000-க்கு மேற்பட்டோரிடம் நடத்திய ஓர் ஆய்வு 2024-இல் வெளியாயிற்று. கரைசல் தரப்படாமைக்கு மிகப் பெரிய காரணம் இருப்புக் குறைவும் அன்று, இலாப நோக்கமும் அன்று. 'மக்கள் இதை விரும்ப மாட்டார்கள். வேறு மாத்திரையைத்தான் எதிர்பார்க்கிறார்கள்' என்று மருத்துவர்கள் தாமே எண்ணிக்கொள்வதுதான் காரணம். கரைசல் வேண்டும் என்று பெற்றோர் தரப்பில் குறிப்புக் காட்டியபோது, அதைத் தருவது வெகுவாக உயர்ந்தது. ஆகவே பெற்றோர் கூச்சமின்றிக் கேட்பதே முதல் மருந்து எனலாம்.

கேட்கும்போது ஓர் எச்சரிக்கையும் தேவை. மருந்துக் கடைகளில் இப்பெயரை ஒட்டிச் சில இனிப்புப் பானங்களும் விற்கப்பட்டு வந்தன. 2025 அக்டோபரில் இந்திய உணவுப் பாதுகாப்பு, தர நிர்ணய ஆணையம் அவ்வாறு பெயரிடுவதைத் தடை செய்தது. உலக சுகாதார ஸ்தாபனத்தின் அளவுப்படி தயாரித்தது என்று அச்சிட்ட பொட்டலத்தையே வாங்க வேண்டும்.

கொடுக்கும் முறை

ஒரு லிட்டருக்குரிய பொட்டலமாயின் முழுவதையும் ஒரு லிட்டர் தூய நீரில் ஒரே தடவையில் கரைக்க வேண்டும். பாதி பாதியாகக் கரைத்தால் அளவு தவறும். 24 மணி நேரத்துக்குப் பின் மிஞ்சியதைக் கொட்டிவிட்டுப் புதிதாகக் கரைக்க வேண்டும். பொட்டலம் கிடைக்கும் வரை, ஒரு லிட்டர் நீருக்குத் தலை தட்டிய ஆறு தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் கலந்து கொடுக்கலாம்.

ஒவ்வொரு முறை பேதியான பின்பும், இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு 50 முதல் 100 மில்லி லிட்டரும், அதற்கு மேற்பட்ட குழந்தைக்கு 100 முதல் 200 மில்லி லிட்டரும் சிறிது சிறிதாகப் புகட்ட வேண்டும். வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் பொறுத்து, கரண்டி கரண்டியாகத் தொடரலாம்.

தாய்ப்பாலையும் உணவையும் நிறுத்துவது பெருந்தவறு. துத்தநாக மாத்திரையைச் சுகாதார ஊழியர் கூறும் அளவில் 10 முதல் 14 நாட்கள் வரை கொடுக்க வேண்டும். பேதி நின்ற பின்பும் இதை நிறுத்தலாகாது. மலத்தில் இரத்தம் கண்டாலும், குழந்தை குடிக்க இயலாமலோ மயங்கியோ கிடந்தாலும், வாந்தி ஓயாவிட்டாலும் தாமதியாமல் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கொண்டு செல்ல வேண்டும். போகும் வழியிலும், குழந்தை விழுங்க முடிந்தால் கரைசலைக் கொடுத்துக்கொண்டே செல்லலாம்.

பஞ்சாயத்து செய்யத் தக்கவை

1. ஒவ்வொரு குக்கிராமத்திலும் இரவிலும் பொட்டலம் கிடைக்கக்கூடிய ஒரு வீட்டைத் தேர்ந்து, கிராம சுகாதார செவிலியருடன் கலந்து அங்கே இருப்பு வைக்கலாம்.

2. மார்ச் 22 உலகத் தண்ணீர் தினம். அன்றைய கிராம சபையில் கரைசல் செய்து காட்டலாம். தாய்மாரோடு தந்தையரும் பாட்டிமாரும் செய்து பழகட்டும். ஒரு மாதம் கழித்துச் சில வீடுகளில் கேட்டுப் பார்த்தால், பாடம் பதிந்ததா என்பது விளங்கும்.

3. மேல்நிலைத் தொட்டியைக் குறித்த காலத்தில் கழுவி, குளோரின் கலக்க வேண்டும். கடைசித் தெருக் குழாயிலும் லிட்டருக்கு 0.2 மில்லி கிராம் குளோரின் எஞ்சியிருக்கிறதா என்று சோதிக்க வேண்டும். சாக்கடைக்குள் ஓடும் குழாய்களில் உடைப்பு இருந்தால் மழைக்கு முன்பே சீர் செய்ய வேண்டும்.

4. ரோட்டா வைரஸ் தடுப்பு மருந்து 6, 10, 14-ஆம் வாரங்களில் இலவசமாகத் தரப்படுகிறது. தவறிய குழந்தைகளை அங்கன்வாடிப் பதிவேட்டிலிருந்து கண்டறிய வேண்டும்.

5. ஒரே தெருவில் பலருக்குப் பேதி கண்டால், அன்றே சுகாதார நிலையத்துக்குத் தெரிவிக்க வேண்டும்.

இவற்றுள் பெருஞ் செலவு பிடிப்பவை சிலவே. சாலை போட நிதி வரும் வரை காத்திருக்க நேரலாம். ஒரு பொட்டலத்தைக் கரைக்கக் கற்றுக் கொடுக்க எந்த நிதிக்கும் காத்திருக்க வேண்டியதில்லை. இந்த மழைக்காலம் வருமுன் நமது ஊரில் எத்தனை வீட்டார் சரியான அளவைச் சொல்லக்கூடியவர்கள் என்பதைப் பஞ்சாயத்து அங்கத்தினர்கள் முதலில் கேட்டறியட்டும்.