சமத்துப் பாப்பாவுக்கும் பூட்டு வேண்டும்

அன்புள்ள கயலுக்கு,

பெரியம்மா எழுதுவது. "பாப்பா சமத்து, வைத்த இடத்தில் இருப்பாள். பையனைத்தான் ஒரு நிமிஷம் விட முடியவில்லை" என்று போனில் சொன்னாயே, அது மனதை உறுத்திக்கொண்டே இருக்கிறது.

குழந்தைகள் வார்டில் நர்ஸாக இருந்தவள் நான். மண்ணெண்ணெய் குடித்து வந்தவர்களில் பையன்கள்தான் அதிகம். உலக சுகாதார நிறுவனத்தின் 2008-ஆம் ஆண்டு அறிக்கையும் அதையேதான் சொல்கிறது. 2004-ல் மட்டும் உலகில் 20 வயதுக்கு உட்பட்ட சுமார் 45,000 பேர் நஞ்சால் இறந்தார்கள். அநேகமாக எல்லாப் பகுதிகளிலும் ஆண்பிள்ளைகள் பக்கமே கணக்கு கூடுதல். பையன் அலமாரியில் ஏறினால் வாலு என்று சிரிக்கிறோம், பெண் ஏறினால் இறக்கி உட்காரவைக்கிறோம். இந்த வித்தியாசத்தில் நம் வளர்ப்புக்கும் பெரிய பங்கு உண்டு என்பது என் எண்ணம்.

ஆனால் குறைவு என்றால் இல்லை என்று அர்த்தமில்லை, கண்ணு. உங்கள் இரட்டையர் இருவருக்கும் ஒன்றரை வயது. கிடைத்ததையெல்லாம் வாயில் போடும் பருவம். பையன் தள்ளிவிட்டால் சத்தம் கேட்டு ஓடி வருவாய். பாப்பா மூலையில் உட்கார்ந்து விழுங்கினால் யாருக்குத் தெரியும்?

கர்ப்ப காலத்தில் உனக்குக் கொடுத்த இரும்புச்சத்து மாத்திரையில் மிச்சம் இருக்குமே, அதை முதலில் தேடு. சிவப்பாக, சர்க்கரைப் பூச்சோடு, அப்படியே மிட்டாய் மாதிரி இருக்கும். பத்து கிலோக் குழந்தை பத்து மாத்திரை விழுங்கினால் உயிருக்கே ஆபத்து. முதலில் வாந்தி, வயிற்றுப்போக்கு. சில மணி நேரத்தில் தேறிவிட்டது போலத் தெரியும். அதை நம்பி வீட்டிலேயே வைத்துக்கொள்ளக் கூடாது. அதற்குப் பிறகுதான் ஈரல் கெடும்.

மண்ணெண்ணெயைக் கூல்டிரிங்ஸ் பாட்டிலில் ஊற்றி வைக்காதே. வாசல் தெளிக்க வாங்கும் சாணிப்பவுடரில் சாணி கிடையாது, வெறும் சாயம். அது வீட்டிலேயே வேண்டாம். சாமி மாடத்துக் கற்பூரத்தையும் உயரத்தில் ஏற்று. சின்னத் துண்டே வலிப்பைக் கொண்டுவரும்.

யாராவது ஏதாவது குடித்துவிட்டால், உன் அத்தை உப்புத்தண்ணீர் கரைத்துக்கொண்டு வருவார். கொடுக்க விடாதே. வாந்தி எடுக்கும்போது மண்ணெண்ணெய் நுரையீரலுக்குள் போவதுதான் பெரிய ஆபத்து. உடனே 108-ஐக் கூப்பிடு. பாட்டிலோ மாத்திரை அட்டையோ, எதுவானாலும் கையோடு எடுத்துப் போ. அதைப் பார்த்துத்தான் டாக்டர் வைத்தியத்தைத் தீர்மானிப்பார்.

பீரோவின் கீழ்த்தட்டைக் காலி செய்துவிட்டு எனக்குப் போன் பண்ணு.

உன் பெரியம்மா