ஊர் மைதானமும் ஊர்க் கழகமும்: திரும்பி வந்தபின் மீளத் தொடங்குதல்

வீடு திரும்பிய குடும்பத்துக்கு வேலைகளுக்குக் குறைவில்லை. கூரைத் தகடு, கிணறு இறைத்தல், பிள்ளைகளின் பாடசாலை, தொலைந்த அடையாள அட்டை, வயல். இவற்றுக்கு நடுவில் பந்து விளையாட்டைப் பற்றி யார் யோசிப்பார் என்று நீங்கள் கேட்கலாம். ஆனால் ஆளில்லாத ஊரில் முதலில் எல்லை அழிவது மைதானத்துக்குத்தான். வளவுக்கு உறுதி இருக்கும், வயலுக்குப் பேர்மிட் இருக்கும், கோயிலுக்கு வண்ணக்கர் இருப்பார். மைதானம் மட்டும் "அது எங்கட கழகத்துக் கிரவுண்ட்" என்ற வாய்ச்சொல்லில் நின்றுகொண்டிருக்கும்.

படுவான்கரையில் நாம் வேலை செய்த ஒரு கிராமத்தில் நடந்தது இது. 2007இல் மக்கள் திரும்பி வந்தபோது மைதானம் பற்றைக்காடாகக் கிடந்தது. தனது வளவு துப்புரவாகும் வரை என்று ஒருவர் அதன் மூலையில் கொட்டில் போட்டார். இன்னொருவர் கச்சான் போட வேலி கட்டினார். இருவரும் கெட்டவர்கள் அல்லர்; இருக்க இடமும் தின்னச் சோறும் தேடியவர்கள். பொடியன்கள் போய்க் கேட்டபோது, "எங்க எழுதியிருக்கு?" என்ற கேள்விதான் வந்தது. நல்ல காலமாக, கழகத்தின் பழைய பொருளாளர் இடம்பெயர்ந்தபோது பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ்களோடு கூட்டக் குறிப்புக் கொப்பியையும் பொலித்தீன் பையில் சுற்றி எடுத்துப் போயிருந்தார். அதற்குள் பிரதேச சபையின் பழைய கடிதம் ஒன்று இருந்தது. அதைக் காட்டிப் பேசிய பிறகு வேலி பின்வாங்கியது. கொட்டில் மட்டும் அந்த மாரி முடியும் வரை இருக்கட்டும் என்று ஊர் விட்டுக்கொடுத்தது. அது நியாயமான முடிவு என்றே நினைக்கிறேன்.

ஆகவே முதல் வேலை, பழைய தாள்களைத் தேடுவது. கழகக் கொப்பி, சந்தாப் பற்றுச்சீட்டு, சுற்றுப்போட்டிச் சான்றிதழ், வெற்றிக்கிண்ணத்தோடு எடுத்த படம் எதுவானாலும் சரி. பல பிரதிகள் வெளிநாட்டில் இருக்கும் உறவினரின் அல்பத்தில் கிடைக்கும். மைதானம் யாருடையது என்பதையும் கேட்டறியுங்கள். பிரதேச சபையுடையதா, பாடசாலையுடையதா, கோயிலுடையதா, அரச காணியா? அரச காணியானால் பிரதேச செயலகத்தின் காணிப் பிரிவில் விசாரிக்க வேண்டும். கிராம உத்தியோகத்தரிடமிருந்து தொடங்குவது நல்லது.

கால் வைக்கும் முன்

நீண்ட காலம் ஆள் நடமாட்டம் இல்லாத நிலத்தைப் பாதுகாப்பானது என்று உறுதியாகும் வரை துப்புரவு செய்யப் போகாதீர்கள். பற்றைக்கு நெருப்பு வைப்பதும் ஆபத்து. மிதிவெடியோ வெடிக்காத வேறு பொருளோ இருக்கிறதென்று சந்தேகம் வந்தால் தொடாமல், வந்த வழியே திரும்பி, கிராம உத்தியோகத்தருக்கோ பொலிசுக்கோ (119) அறிவியுங்கள். பிள்ளைகளுக்கு இதைத் திரும்பத் திரும்பச் சொல்லுங்கள். பந்து பற்றைக்குள் போனால் அது போனதுதான். மைதானம் சரிவரும் வரை கரப்பந்தாட்டம் போதும். அதற்கு 18 மீற்றர் நீளமும் 9 மீற்றர் அகலமும் கொண்ட தரை இருந்தால் ஆடலாம். சுற்றிவர நாலைந்து எட்டு வெறும் நிலம் இருந்தால் நல்லது.

பதிவு

கழகங்களின் பதிவைப் பார்ப்பவர் பிரதேச செயலகத்தில் இருக்கும் விளையாட்டு உத்தியோகத்தர். பொதுவாகக் கேட்கப்படுபவை: யாப்பு, நிர்வாகிகளின் பெயர்கள், அங்கத்தவர் பட்டியல், பொதுக்கூட்ட அறிக்கை, கிராம உத்தியோகத்தரின் கடிதம். உங்கள் செயலகத்தில் வேறு எதுவும் வேண்டுமா என்று போகுமுன் கேட்டுக்கொண்டால் ஒரு நாள் கூலி மிஞ்சும். பதிந்த கழகம் பிரதேச விளையாட்டு விழாவில் பங்குபற்றலாம். அங்கிருந்து மாவட்டம், மாகாணம், தேசிய விளையாட்டு விழா என்று ஏணி நீள்கிறது. இளைஞர் கழகம் என்பது வேறு. அது தேசிய இளைஞர் சேவைகள் மன்றத்தின் கீழ் வருவது, அதற்குத் தனியான விளையாட்டு விழா உண்டு. ஒரே பிள்ளைகள் இரண்டிலும் இருப்பது வழமை.

பொதுக்கூட்டத்தில் ஒரு சிக்கல் எழும். பழைய தலைவர் இந்தியாவில், செயலாளரைப் பற்றித் தகவலே இல்லை என்ற நிலையில் புதியவர்களைத் தெரிவது வீட்டாருக்கு மனத்தாங்கலாகலாம். காணாமற்போனவரின் பெயரைப் பட்டியலிலிருந்து வெட்ட வேண்டாம் என்று ஒரு தாய் கேட்டால் வெட்டாதீர்கள். பதில் செயலாளர் என்று எழுதி வேலையைத் தொடரலாம்.

மட்டக்களப்பின் விளையாட்டு வரலாற்றிலேயே அப்படி ஒரு வெற்றிடம் இருக்கிறது. நகரில் உள்ள வெபர் மைதானம், புனித மிக்கேல் கல்லூரியில் மாணவரைப் பயிற்றுவித்த அமெரிக்க யேசுசபைத் துறவி ஹரல்ட் வெபர் அடிகளாரின் பெயரைத் தாங்கியது. அவரைப் போலவே அமெரிக்காவிலிருந்து வந்து அதே கல்லூரியில் கூடைப்பந்தாட்டத்தை வளர்த்தவர் யூஜின் ஹேபியர் அடிகளார். அவர் 1990 ஆகஸ்ட் 15 அன்று வாழைச்சேனையிலிருந்து மட்டக்களப்புக்குத் திரும்பும் வழியில், கூடவந்த இளைஞரோடு காணாமற்போனார். இருவரும் இன்றுவரை வரவில்லை. அவர் கற்பித்த விளையாட்டு இங்கே நின்றுவிடவில்லை.

பணம் இல்லாமல்

"கம்பம் இல்லை, வலை இல்லை, நிறுவனம் தருமா?" என்று எங்களிடம் கேட்கிறார்கள். சில இடங்களில் தந்திருக்கிறோம். உண்மையைச் சொன்னால், ஊரார் சிரமதானம் செய்த மைதானங்களே நிலைத்தன. பணக்கார நாட்டிலும் இதற்கு உதாரணம் உண்டு. ஜேர்மனியின் பேர்லின் நகரில் யூனியன் பேர்லின் என்ற உதைபந்தாட்டக் கழகத்தின் அரங்கு பழுதடைந்தபோது, கழகத்திடம் போதிய பணம் இருக்கவில்லை. 2008, 2009இல் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட ஆதரவாளர்கள் கூலி வாங்காமல் சுமார் 140,000 மணித்தியாலங்கள் வேலை செய்து அதைத் திருத்திக் கட்டினார்கள். நம் ஊரில் கிராம அபிவிருத்திச் சங்கமும் மாதர் சங்கமும் ஒரு ஞாயிற்றுக்கிழமை மண்வெட்டியோடு வந்தால் பாதி வேலை முடிந்துவிடும். தேநீரும் கிழங்கும் கழகத்தின் பொறுப்பு.

பெண் பிள்ளைகள்

மகளை மைதானத்துக்கு அனுப்பத் தயங்கும் பெற்றோரின் பயத்தை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. நிர்வாகத்தில் இரண்டு தாய்மார் இருக்கட்டும். பயிற்சி பொழுதுபடுமுன் முடியட்டும். யானை வரும் ஊர்களில் ஆண் பிள்ளைகளுக்கும் அதுவே நேரம். வலைப்பந்தாட்டத்துக்கு அணிக்கு ஏழு பேர், 3.05 மீற்றர் உயரக் கம்பம் இரண்டு. யாழ்ப்பாணத்தில் பிறந்து, வந்தாறுமூலையிலுள்ள கிழக்குப் பல்கலைக்கழகத்தில் படித்த தர்ஜினி சிவலிங்கம், 2009இல் ஆசியக் கிண்ணத்தை வென்ற இலங்கை அணியில் ஆடியவர். உயரமான பெண்ணைப் பகிடி பண்ணும் அண்ணன்மாருக்கு இதைச் சொல்லலாம்.

எப்போது, யாரோடு

மாரியில் படுவான்கரை மைதானங்கள் வெள்ளத்தில் நிற்கும். பெரும்போக அறுவடை முடிந்து, சித்திரைப் புத்தாண்டு விளையாட்டோடு தொடங்குவதே வசதி. வழுக்கு மரம், முட்டி உடைத்தல், மரதன் ஓட்டம் என்று கிழவர் முதல் குழந்தை வரை சேரும் நாள் அது. வைகாசியில் கண்ணகி அம்மன் சடங்கு வரும் ஊர்களில் அந்த நாட்களை விட்டுவிடுங்கள். அந்த அம்மன் கோயில்களோடு சேர்ந்த கொம்புமுறி விளையாட்டையும் மறக்க வேண்டாம். வடசேரி, தென்சேரி என்று ஊர் இரண்டாகப் பிரிந்து கொம்புகளைக் கொழுவி இழுப்பது அது. அதன் முறை தெரிந்த மூத்தவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதி வையுங்கள்.

முதல் சினேகபூர்வ ஆட்டத்துக்கு அயலூரையே அழையுங்கள். ஏறாவூர், ஓட்டமாவடி, காத்தான்குடிக் கழகங்களை அழைப்பதானால் வெள்ளி ஜும்மா நேரத்தையும் நோன்பு மாதத்தையும் தவிர்க்கவும். சாப்பாட்டை அவர்களிடம் கேட்டு ஒழுங்கு செய்யவும். நடுவர் இரண்டு ஊரையும் சேராதவராக இருந்தால் பாதிச் சண்டை குறையும். மண்டூர்ப் பக்கத்து ஊர்களுக்கு எழுவான்கரையிலிருந்து குருமண்வெளிப் பாதையில் அணி வருவதானால், கடைசிப் பாதை எத்தனை மணிக்கு என்று கேட்டு, அதற்கு ஒரு மணித்தியாலம் முன்னதாக இறுதி ஆட்டத்தை முடித்துவிடுங்கள்.