எடை குறைந்த பின் மீண்டும் குதிரையேற்றம்

உடல் எடையைப் பெருமளவு குறைத்தவர்களுக்கு, விட்டுப்போன குதிரையேற்றத்தில் மீண்டும் ஆசை வரும். நல்ல ஆசைதான், அவசரம் மட்டும் வேண்டாம் என்கிறோம்.

முதலில் குதிரையைப் பார்ப்போம். ஏறுபவரும் சேணமும் சேர்ந்து குதிரையின் எடையில் 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பது பரவலான கணக்கு. 400 கிலோ குதிரைக்கு 80 கிலோ. வாயில்லா ஜீவனின் முதுகும் நமக்கு அமானிதமே.

அடுத்து நம் உடல். எடை இறங்கும்போது கொழுப்போடு தசையும் கரைகிறது. தொடையிலும் இடுப்பிலும் வலுவில்லாமல் ஏறினால் விழ நேரிடும். ஆகவே முதலில் சில வாரங்கள் நடையும், உட்கார்ந்து எழும் பயிற்சியும், போதிய புரத உணவும் தேவை.

முக்கியமாக, சர்க்கரை, இரத்த அழுத்த மாத்திரைகளின் பழைய அளவு இப்போது அதிகமாக இருக்கலாம். குதிரை மேல் தலைசுற்றினால் உயிருக்கே ஆபத்து. மாத்திரையைத் தாமாக நிறுத்தாமல், மருத்துவரிடம் கேட்டு அளவைச் சரிசெய்த பிறகே ஏறுங்கள்.