நுண்ணுயிர் ஈந்த நன்மருந்து

உண்ட உணவு உடலுக்கு ஆற்றலாக மாறவேண்டுமாயின், குருதியில் உள்ள சர்க்கரை தசை முதலியவற்றின் உயிரணுக்களுள் புகுதல் வேண்டும். அதற்குத் துணைபுரிவது, கணையத்தில் சுரக்கும் இன்சுலின் என்னும் புரதம். அது சுரவாதொழியின் சர்க்கரை குருதியிலேயே தேங்கும். உயிரணுக்களோ பசியால் வாடும். வெள்ளத்தின் நடுவே நின்றும் பருக நீரின்றித் தவிப்பவன் நிலையை ஒத்தது இது. இவ்வகை நீரிழிவுக்கு ஆளான சிறுவர்கள் முற்காலத்தில் நெடுநாள் உயிர் வாழ்ந்ததில்லை.

கனடா நாட்டின் டொராண்டோ நகரில், பிரெடரிக் பான்டிங், சார்லஸ் பெஸ்ட் என்னும் இருவர் 1921-ஆம் ஆண்டில் விலங்கின் கணையத்திலிருந்து இம்மருந்தைப் பிரித்தெடுத்தனர். 1922 சனவரியில், சாகுந் தறுவாயில் இருந்த லெனார்டு தாம்சன் என்னும் 14 வயதுச் சிறுவனுக்கு அது செலுத்தப்பட்டது. மருந்தில் மாசு கலந்திருந்தமையால் முதன்முறை போதிய பயன் விளையவில்லை. ஜேம்ஸ் காலிப் என்பார் அதனைத் தூய்மை செய்து தந்தபின் சிறுவன் நலம் பெற்றான். மேலும் 13 ஆண்டுகள் வாழ்ந்தான். கண்டறிந்தோர் பெரும்பொருளை நாடவில்லை. ஆளுக்கு ஒரு டாலர் மட்டும் பெற்றுக்கொண்டு, காப்புரிமையை டொராண்டோ பல்கலைக்கழகத்திற்கு அளித்தனர்.

அதன்பின் அறுபது ஆண்டுகள் பன்றி, மாடு ஆகியவற்றின் கணையமே இம்மருந்துக்கு மூலமாக இருந்தது. சிறிதளவு மருந்துக்கும் பல விலங்குகளின் கணையம் தேவைப்பட்டது. மேலும், மனித இன்சுலினில் உள்ள 51 அமினோ அமிலங்களுள் பன்றியின் இன்சுலின் ஒன்றிலும், மாட்டின் இன்சுலின் மூன்றிலும் வேறுபடும். ஆதலின் சிலர் உடல் அதனை ஏற்கவில்லை. மனித இன்சுலினையே ஆக்கும் வழி யாது?

அவ்வழியைக் காட்டியது மரபணுப் பொறியியல். எப்புரதத்தை எவ்வாறு ஆக்குவது என்னும் குறிப்பு, உயிரணுவில் உள்ள டி.என்.ஏ. என்னும் பொருளில் நான்கு வகை வேதி எழுத்துகளால் பொறிக்கப்பட்டுள்ளது. ஒரு புரதத்துக்குரிய குறிப்பே மரபணு எனப்படும். மனிதனுக்கும் கண்ணுக்குப் புலனாகாத பாக்டீரியாவுக்கும் இவ்வெழுத்துகள் பொதுவானவை. எனவே, ஓர் உயிரின் குறிப்பை மற்றோர் உயிர் படித்துச் செயலாற்ற இயலும்.

பல பாக்டீரியாக்களில் பிளாஸ்மிட் என்னும் சிறு டி.என்.ஏ. வளையம் உண்டு. கத்தரிபோல் வெட்டும் ஒரு நொதியால் அவ்வளையத்தை வெட்டி, வேண்டிய மரபணுவை இடையில் வைத்து, பசைபோல் ஒட்டும் மற்றொரு நொதியால் இணைப்பர். அவ்வளையம் ஏறிய பாக்டீரியா பலவாகப் பெருகுந்தோறும் மரபணுவும் உடன் பெருகும். 1973-ஆம் ஆண்டில் ஸ்டான்லி கோகன், எர்பர்ட் பாயர் என்னும் அமெரிக்க அறிஞர்கள் இம்முறையை நிலைநாட்டினர்.

இப்புதிய ஆற்றலால் தீங்கு விளையுமோ என்னும் ஐயமும் உடன் எழுந்தது. அறிஞர் சிலர் 1974-இல் தம் ஆய்வுகளுள் சிலவற்றைத் தாமே நிறுத்திவைத்தனர். 1975-இல் கலிபோர்னியாவில் உள்ள அசிலோமர் என்னுமிடத்தில் கூடி, ஆய்வுக்குரிய பாதுகாப்பு நெறிகளை வகுத்தனர். வேகத்தினும் விவேகம் பெரிதென உணர்ந்த செயல் இதுவன்றோ!

1978-இல் இன்சுலினின் இரு சங்கிலிகளுக்கும் உரிய மரபணுக்களை வேதியியல் முறையில் அமைத்து, எ. கோலை என்னும் பாக்டீரியாவில் ஏற்றினர். தனித்தனியே விளைந்த சங்கிலிகளை இணைக்க, மனித இன்சுலின் கிடைத்தது. 1982-இல் அமெரிக்க அரசு அதனை மருந்தாக ஏற்றது. பின்னர், ஈஸ்ட் என்னும் நுண்ணுயிரைக்கொண்டு கல்லீரல் அழற்சியைத் தடுக்கும் தடுப்பு மருந்தும் ஆக்கப்பட்டது.

ஆயினும், இன்சுலின் வாங்க இயலாமல் வருந்துவோர் இன்றும் உலகில் உளர். அரிய மருந்தை ஆக்குவது அறிவின் வெற்றி. அதனை எளியவர் கைக்கும் எட்டச் செய்வதே அறத்தின் வெற்றியாகும்.