தாயாகுமுன் ஓர் ஊசி

சகோதரிகளே! "இலேசான அம்மைதானே, மூன்று நாளில் இறங்கிவிடும்" என்று அலட்சியமாகச் சொல்வோம். ஜெர்மன் தட்டம்மை எனப்படும் ரூபெல்லா தாய்க்கு அப்படித்தான். வயிற்றிலுள்ள சிசுவுக்கோ அது பெருங் கேடு.

1941-ம் ஆண்டில் சிட்னி நகரத்துக் கண் வைத்தியர் நார்மன் கிரெக், கண்புரையுடன் பிறந்த குழந்தைகள் பலரைக் கண்டு காரணம் தேடினார். அவர்களுடைய தாய்மாரில் பெரும்பாலோர் கர்ப்பத்தின் ஆரம்பத்தில் இந்நோய் கண்டவர்கள்! முதல் 12 வாரங்களில் தொற்றினால் சிசுவின் கண், காது, இருதயம் பழுதுபடலாம். கரு கலைவதும் உண்டு.

தொற்றியபின் சிசுவைக் காக்க மருந்தில்லை. வருமுன் தடுக்க ஊசி உண்டு. சிங்கப்பூரில் பள்ளி மாணவியருக்கு 1976-லேயே போடத் தொடங்கினர். இந்தியாவின் பொதுத் தடுப்பூசித் திட்டத்திலோ 2017-ல்தான் சேர்ந்தது. ஆகவே ஊரிலிருந்து வரும் நம் மருமக்களில் பலர் போடாதிருக்கலாம்.

திருமணம் நிச்சயமானதும் டாக்டரிடம் இரத்தப் பரிசோதனை செய்யுங்கள். எதிர்ப்புச் சக்தி இல்லையெனில் ஊசி போட்டு, ஒரு மாதம் கழித்தே கர்ப்பம் தரிக்க வேண்டும். கர்ப்பிணிகளுக்கு இவ்வூசி கூடாது.

பெண் பார்க்கையில் நகையை விசாரிக்கும் நாம், இதனையும் விசாரிப்போமாக!