வீடுகளுக்குப் பால் ஊற்றுவோர் கவனிக்க வேண்டியவை

நகரத்தை அடுத்த கிராமங்களில் ஒன்றிரண்டு கறவை மாடுகள் வைத்திருக்கும் விவசாயிகள் பலர், பாலைச் சங்கத்துக்கு ஊற்றாமல் நேராக வீடுகளுக்கே கொடுத்து வருகிறார்கள். விலை கூடுதலாகக் கிடைக்கிறது. ஆனால் சங்கத்தில் பாலைச் சோதிக்கக் கருவி உண்டு. வீட்டு வாசலில் சோதிப்பவை அந்த வீட்டு அம்மாளின் கண்ணும் நாக்கும்தான். ஒரு நாள் பால் திரிந்துபோனாலும், தண்ணீர் கலந்ததாகச் சந்தேகம் எழுந்தாலும், அந்த வீடு மறுநாளே பாக்கெட் பாலுக்குப் போய்விடும்.

தண்ணீர் கலக்காதவர் மீதும் இந்தப் பழி விழுவதுண்டு. முதலில் கறக்கும் பாலில் கொழுப்புச் சத்து குறைவு; கடைசியில் வரும் பாலில்தான் அதிகம். கடைசிப் பாலைக் கன்றுக்கு விட்டு, முன்பாலை மட்டும் விற்றால், ஒரு சொட்டுத் தண்ணீர் சேர்க்காவிட்டாலும் பால் நீர்த்தே தெரியும். கன்றின் பங்கைக் குறைப்பது இதற்கு வழியல்ல. கன்றை ஊட்டவிட்டு மடி சுரந்ததும், ஒரு காம்பைக் கன்றுக்கென ஒதுக்கிவிட்டு மற்ற மூன்றையும் ஒட்டக் கறக்கலாம். கேனில் ஆடை மேலே மிதக்கும் என்பதால், ஒவ்வொரு வீட்டிலும் கலக்கிவிட்டே அளக்க வேண்டும். இல்லையேல் முதல் வீட்டுக்குக் கெட்டிப்பாலும் கடைசி வீட்டுக்கு நீர்ப்பாலும் போய்ச் சேரும்.

சில வீடுகளில் பால்மானி வைத்திருக்கிறார்கள். நல்ல பசும்பால் பொதுவாக 28 முதல் 30 டிகிரி வரை காட்டும். கறந்த சூட்டோடு, நுரையும் காற்றும் அடங்காத பாலில் விட்டால் டிகிரி குறைத்தே காட்டும். இதை அறியாமல் உறவு முறிந்த இடங்கள் உண்டு. சிறிது பாலைக் குளிர்ந்த நீரில் வைத்திருந்து, இரண்டு மூன்று மணி நேரம் கழித்துப் பார்க்கும்படி சொல்ல வேண்டும்.

மடியிலிருந்து வரும் பால் ஏறக்குறைய 38 டிகிரி செல்சியஸ் சூட்டில் இருக்கிறது. கிருமிகள் பெருக அதைவிட வசதி வேறில்லை. மடியையும் கைகளையும் கழுவித் துடைத்துவிட்டு, துருப்பிடிக்காத எஃகுப் பாத்திரத்தில் கறந்து, சுத்தமான வெள்ளைத் துணியில் வடிகட்டி, உடனே கேனைக் குளிர்ந்த நீர்த்தொட்டியில் இறக்க வேண்டும். மாலைப் பாலை மறுநாள் காலைப் பாலோடு கலக்கவே கூடாது. திரியாமல் இருக்கச் சமையல் சோடா போடுவது கலப்படமே.

ஒவ்வொரு காம்பிலும் முதல் சில பீச்சுப் பாலைக் கறுப்புத் துணி கட்டிய கிண்ணத்தில் பீச்சிப் பார்ப்பது நல்ல பழக்கம். திரிதிரியாகத் தெரிந்தால் மடிநோய் தொடங்கிவிட்டது என்று அறியலாம். அந்தப் பாலை விற்கக் கூடாது. ஊசி போட்ட மாட்டின் பாலை எத்தனை நாள் ஒதுக்க வேண்டும் என்று கால்நடை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். மருந்து கலந்த பால் சரியாக உறையாது. தயிர் தோயவில்லை என்று வாடிக்கையாளர் சொன்னால் அதையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

பச்சைப் பாலை அப்படியே குடிக்கும் வழக்கம் சில வீடுகளில் இருக்கிறது. காசநோயும், கன்று வீச்சு நோயான புருசெல்லாவும் பால் வழியே மனிதருக்கு வரக்கூடியவை. பொங்கக் காய்ச்சியே குடிக்கும்படி பால் கொடுப்பவரே சொல்லிவிடுவது முறை. கிடேரிக் கன்றுகளுக்கு 4 முதல் 8 மாத வயதுக்குள் புருசெல்லா தடுப்பூசியை ஒரு முறை போட்டுவிட வேண்டும். சங்கத்தில் சேராமல் பால் விற்பவர்கள் உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்துகொள்ள வேண்டும். அளக்கும் படிக்கு முத்திரையும் அவசியம்.

ஒரே மாட்டை நம்பிப் பத்து வீடுகளை ஒப்புக்கொள்பவர், மாடு வற்றும்போது திண்டாடிப் போகிறார். கன்று ஈனுவதற்கு முன் 60 நாட்களாவது மாட்டை வற்றவிட வேண்டும். அந்த நாட்களில் எவரிடமோ வாங்கிய பாலைத் தன் மாட்டுப் பால் என்று ஊற்றினால் ருசியே காட்டிக்கொடுத்துவிடும். இரண்டு மாடுகள் ஆறு மாத இடைவெளியில் ஈனும்படி சினைப்படுத்திக்கொள்வது நல்லது. அதற்கு வசதியில்லாதவர், வற்றும் நாளை ஒரு மாதம் முன்பே வீடுகளில் சொல்லிவிட வேண்டும். ஈன்ற பின் ஐந்து நாட்கள் சீம்பால் போக, அதன் பிறகே மீண்டும் ஊற்றத் தொடங்கலாம்.